ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவே

விருதுக் குழு எனக்குத் தந்த வேலை:
எண்பது சொல்லில் ஒரு வாழ்நாள்.
பட்டயத்தில் அதற்கு மேல் இடமில்லை என்றார்கள்.
கண்ணாடி. எழுத்துக்கு இவ்வளவு என்று காசு.

தொலைபேசியில் கேட்டேன்,
எத்தனை அரங்கேற்றத்துக்கு வாசித்திருப்பீர்கள், அக்கா?
எண்ணேல்லை தம்பி, என்றார் பவளவதனி.
வாசிக்காமல் விட்டது ரெண்டு.
ஒண்டு, பனிப்புயலில மார்க்கம் வீதி மூடின சனிக்கிழமை.
மற்றது, அவர் செத்த கிழமை.
அதுக்கும் நாளை மாத்தித் தாறம் எண்டவை,
நான்தான் வேண்டாமெண்டனான்.

குறித்துக்கொண்டேன். பிறகு வெட்டிவிட்டேன்.
வாசிக்காததைப் பட்டயத்தில் பொறிப்பதில்லை.

முப்பத்து மூன்று வருடம்.
இரவில் மாத்திரைப் போத்தல் நிரப்பும் தொழிற்சாலை
(விரல்நுனி தேயாத பகுதியாய்க் கேட்டு வாங்கியது),
வார இறுதியில் வயலின்.
கார் தரிப்பிடத்திலிருந்து மண்டபக் கதவு வரைக்கும்
தன் மேலங்கியைக் கழற்றி
வயலின் பெட்டிக்குப் போர்த்திக்கொண்டு நடப்பார்.

திரையில் காட்ட ஒரு படம் வேண்டும்.
ஸ்காபரோவில் வீட்டுக்கு வீடு ஆல்பம்,
எல்லாவற்றிலும் இருக்கிறார்:
ஒரு முழங்கை, வில்லின் நுனி,
என் மகள் நீட்டிய பாதத்துக்குப் பின்னால்
பாதிச் சேலை.
கடைசியில் அவருடைய ஓட்டுநர் உரிமத்துப் படத்தைப்
பெரிதாக்கிப் போட்டோம்.

மாசி மாதம். வெளியே மைனஸ் பத்தொன்பது.
நகரசபை உறுப்பினர் ‘வனக்கம்’ சொன்னார், கைதட்டினோம்.
எண்பது சொல்லையும் நான் வாசித்தேன்.
அதில் ‘இசைக்கடல்’ என்னுடையதல்ல,
தலைவர் சேர்த்தது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டதும்
பழக்கத்தில் பக்கவழியால் ஏறி
வழமையான ஓரத்தில் போய் நின்றார்.
நடுவுக்கு வாங்கோ, நடுவுக்கு.
கையைப் பிடித்து நகர்த்த வேண்டியிருந்தது.

ஒலிவாங்கி முன்னால் நின்று,
வேறு யாரோ முதலில் பாடி முடிக்கட்டும் என்பதுபோலக்
காத்திருந்தார்.
நாங்களும் காத்திருந்தோம்.

பிறகு சொன்னார்:
இந்த மண்டபத்து ஹீட்டர்
ஆறரைக் கட்டைக்கும் ஏழுக்கும் நடுவில நிண்டு இரையுது.
நான் வந்த நாளில இருந்து.
ஒரு பிள்ளையின்ர சுருதியோடையும் அது சேரேல்லை.
மூண்டு கடிதம் போட்டனான்.
எனக்கு ஏதும் தாறதெண்டால்
அதை ஒருக்கா நிப்பாட்டுங்கோ.

சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.
கடிதங்கள் செயலாளருக்கு முகவரியிட்டவை.
பதினொரு வருடமாய்ச் செயலாளர் நான்.

மண்டபம் பார்க்கும் துவார்த்தே, போர்த்துக்கல்காரர்,
தமிழில் ஒரு சொல் தெரியாதவர்,
அந்த விரல் காட்டிய திசையைப் பார்த்துவிட்டு
நிலவறைக்கு இறங்கிப் போனார்.

ஒரு சொடுக்கு.

முந்நூறு பேரும் அப்போதுதான் கேட்டோம்,
அவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டிருந்ததை.
போன பிறகு.
கூரையில் பனி சறுக்கியது.
பின்வரிசையில் யாரோ மிட்டாயின் தாளைப்
பிரித்தவர் பாதியில் நிறுத்தினார்.

பவளவதனி தலையைச் சற்றுச் சரித்துக் கேட்டார்.
ஓம், என்றார். இப்ப சரி.

இறங்கிப் போகவில்லை.
அடுத்த நடனத்துக்கும் வயலின் அவர்தான், வேறு யார்?
மாலையை மிருதங்கக்காரரிடம் கொடுத்தார்,
பட்டயத்தைப் பாய்க்கரையில் கவிழ்த்து வைத்தார்,
ஓரத்தில் உட்கார்ந்து
ஐந்தரைக்குச் சேர்த்தார்.

வர்ணம் முப்பத்தெட்டு நிமிடம்.
முதலில் மேலங்கி மாட்டினோம், பிறகு தொப்பி.
நகரசபை உறுப்பினர் தன் சால்வையை,
நாங்கள் போர்த்திய பொன்னாடையைத்தான்,
கழுத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டார்.
ஹீட்டரைப் போடச் சொல்லி எவரும் எழவில்லை.

முடிந்தபோது தட்டினோம்.
கையுறையோடு தட்டினால் சத்தமே வராது.
கழற்றினோம்.